ஆராய்ச்சி ப்ரபோசல்ல ‘பால், பாலினம்’ பத்தி ஏன் கேக்குறாங்க? தூக்க மாத்திரைல இருந்து கோனோ வீடர் வரைக்கும்

ஐரோப்பிய யூனியனோட ஹொரைசன் யூரோப்ங்கிற ஆராய்ச்சி நிதித் திட்டம் 2021ல ஆரம்பிச்சு 2027 வரைக்கும் ஓடுது, அதுல நிதி கேட்டு ப்ரபோசல் போடுறவங்க ஒரு கேள்விக்கு பதில் எழுதியாகணும். உங்க ஆராய்ச்சியோட உள்ளடக்கத்துல பால், பாலினம் ரெண்டையும் எப்படி கணக்குல எடுத்துக்கிட்டீங்க? குறிப்பிட்ட தலைப்புக்கு விலக்குன்னு அவங்களே சொல்லியிருந்தா ஒழிய இத தாண்டிப் போக முடியாது. கனடாவுல 2010ல இருந்தே மருத்துவ ஆராய்ச்சி நிதிக்கு இந்த மாதிரி கேக்குறாங்க, அமெரிக்க அரசோட மருத்துவ ஆராய்ச்சி அமைப்பான என்ஐஎச் 2016ல எலி வச்சு பண்ற ஆராய்ச்சிக்கே கேக்க ஆரம்பிச்சுது.

இங்க இருந்து கூட்டு ப்ரபோசல் போடுறவங்க நிறைய பேர் இந்த இடத்துல வந்துதான் முழிக்கிறாங்க. எங்க டீம்ல மூணு பொண்ணுங்க இருக்காங்க, அத எழுதினா போதுமான்னு ஒரு சந்தேகம். நாங்க மெஷின் பண்றோம், இதுல ஆம்பள பொம்பள எங்க வருதுன்னு இன்னொரு சந்தேகம். ரெண்டுக்கும் பதில் இருக்கு, ஆனா அடிப்படைல இருந்து வந்தாத்தான் புரியும்.

## மொதல்ல மூணு விஷயத்த பிரிச்சுக்கணும்

1. ஆராய்ச்சி பண்றவங்கள்ல எத்தன பேர் பெண்கள். இது ஆள் கணக்கு.

2. கமிட்டில, தலைமைப் பதவில, முடிவெடுக்குற இடத்துல யார் இருக்காங்க. இது நிர்வாகம்.

3. ஆராய்ச்சியோட கேள்வி, சாம்பிள், அளவு, டேட்டா, கடைசில வர்ற பொருள், இதெல்லாம் யாரோட உடம்பையும் வாழ்க்கையையும் மனசுல வச்சு பண்ணது. இது உள்ளடக்கம்.

ஹொரைசன் யூரோப் மூணையுமே பாக்குது, ஆனா நான் சொன்ன அந்தக் கேள்வி மூணாவது பத்தினது மட்டும்தான். டீம் முழுக்க பெண்களா இருந்து எல்லா எலியும் ஆண் எலியா இருந்தா மூணாவதுல அவங்க ஃபெயில்தான். முழுக்க ஆம்பளைங்க டீம் ஒண்ணு ரெண்டு பாலையும் சரியா பிரிச்சு ஆராஞ்சிருந்தா மூணாவதுல பாஸ். டீம்ல பெண்கள் இருந்தா இந்தக் கேள்விய யாராவது எழுப்புற வாய்ப்பு கூடும்ங்கிறது உண்மைதான், ஆனா ஒண்ணுக்கு இன்னொண்ணு பதில் ஆகாது.

## பால் வேற, பாலினம் வேற

பால்னா உடம்பு. குரோமோசோம், ஹார்மோன், உறுப்பு, எலும்பு, கொழுப்பு, கல்லீரல் மருந்த உடைக்கிற வேகம் வரைக்கும் இதுல வரும். எல்லாரும் ரெண்டு பெட்டில சுத்தமா அடங்க மாட்டாங்க, இடைப்பால் உடம்போட பிறக்குறவங்களும் இருக்காங்க.

பாலினம்னா சமூகம் போட்ட ஏற்பாடு. யார் சமைக்கிறது, யார் வண்டி ஓட்டுறது, யார் பின்னாடி உக்கார்றது, என்ன துணி, என்ன கூலி, வீட்டுல யார் காசு முடிவு பண்றது, ஒருத்தர் தன்ன யாரா உணர்றாங்க, இதெல்லாம்.

நம்ம ஊர்ல எல்லாருக்கும் தெரிஞ்ச ஒரு பொருள் இத சட்டுனு புரிய வச்சிடும், பைக்ல பின் சக்கரத்துக்குப் பக்கத்துல இருக்கிற சேலை கார்டு. மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989ல 123வது விதி, பின்னாடி உக்கார்றவங்க துணி சக்கரத்துல சிக்காம இருக்க பின் சக்கரத்துல பாதிக்குக் குறையாம மூடுற பாதுகாப்பு வேணும், பிடிச்சுக்க கைப்பிடி வேணும், கால் வைக்க ஃபுட்ரெஸ்ட் வேணும்னு சொல்லுது. பெண் உடம்போட குரோமோசோமுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல, சேலையும் துப்பட்டாவும் ஒருபக்கமா உக்கார்ற பழக்கமும்தான் காரணம், அதாவது பாலினம். சேலைங்கிற ஒண்ண யோசிக்காத நாட்டுல வரஞ்ச பைக்க அப்படியே இங்க ஓட்டினா உயிர் போகும், அதனால இரும்புக் கம்பிய வளைச்சு ஒரு பாகமே சேத்தாங்க. மெஷின்ல பாலினம் எங்க வருதுன்னு கேக்குறவங்களுக்கு பதில் தெருவுலயே நிக்குது.

நிஜத்துல ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு பின்னிக்கிட்டுத்தான் வரும். ஆனா எது எதுன்னு பிரிக்கத் தெரியலன்னா தப்பான இடத்துல தீர்வு தேடுவோம், துணிப் பிரச்சினைக்கு ஹார்மோன்ல போய் காரணம் தேடுற மாதிரி.

## தூக்க மாத்திரை கதை

சோல்பிடெம்னு ஒரு தூக்க மாத்திரை, அமெரிக்காவுல 1992ல அனுமதி வாங்குச்சு, ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே டோஸ், 10 மில்லிகிராம். சுமார் 20 வருஷம் கழிச்சு 2013 ஜனவரில, அங்க மருந்துக்கு அனுமதி கொடுக்குற அமைப்பான எஃப்டிஏ பெண்களுக்கான டோஸ பாதியா, 5 மில்லிகிராமா குறைக்கச் சொல்லுச்சு. காரணம் இதுதான்: 10 மில்லிகிராம் போட்டு 8 மணி நேரம் தூங்கி எந்திரிச்ச பெறகும் கார் ஓட்ட ஆபத்தான அளவுக்கு ரத்தத்துல மருந்து மிச்சம் இருந்தது பெண்கள்ல சுமார் 15 சதவீதம் பேருக்கு, ஆண்கள்ல சுமார் 3 சதவீதம் பேருக்கு. பெண்கள் உடம்புல இருந்து இந்த மருந்து மெதுவாத்தான் வெளியேறுது. ராத்திரி மாத்திர போட்டு காலைல குழந்தைய ஸ்கூல்ல விட கார் எடுக்குற அம்மாவுக்கு தன் ரத்தத்துல இன்னும் மருந்து ஓடுதுன்னு தெரியவே தெரியாது.

நியாயமா இன்னொண்ணும் சொல்லணும், ரத்தத்துல அளவு கூட இருக்கிறது உண்மை, ஆனா அதனால பெண்களுக்கு விபத்து ஆபத்து அதே அளவுக்குக் கூடுதா, டோஸ் குறைப்பு தேவைதானான்னு பிற்பாடு ஆய்வாளர்கள் கேள்வி எழுப்பியிருக்காங்க. டோஸ் குறைஞ்சா தூக்கம் வராம போற பிரச்சினையும் உண்டே. இந்த வாதம் மருந்து கடைக்கு வர்றதுக்கு முன்னாடி, 1992லயே நடந்திருக்கணும்ங்கிறதுதான் என் ஆதங்கம்.

ஏன் நடக்கல? இதுக்குப் பின்னாடி பெரிய வரலாறு இருக்கு. 1950கள் கடைசிலயும் 60கள் ஆரம்பத்துலயும் தாலிடோமைட்னு ஒரு மருந்த கர்ப்பிணிகளுக்கு குமட்டலுக்குக் கொடுத்தாங்க, ஐரோப்பாவுலயும் வேற நாடுகள்லயும் ஆயிரக்கணக்கான குழந்தைங்க கை கால் வளராம பிறந்தாங்க. அமெரிக்காவுல எஃப்டிஏல இருந்த ஃப்ரான்செஸ் கெல்சிங்கிற அம்மா ஆதாரம் போதாதுன்னு அனுமதி கொடுக்காம நின்னதால அங்க பெருசா பரவல. அந்த பயம் மனசுல இருந்துச்சு, 1977ல எஃப்டிஏ கர்ப்பம் ஆக வாய்ப்புள்ள வயசுப் பெண்கள் யாரையும் முதற்கட்ட மருந்துச் சோதனைல சேக்க வேணாம்னு வழிகாட்டுதல் போட்டுச்சு, கல்யாணம் ஆகாதவங்க, கருத்தடைல இருக்கிறவங்களுக்குக் கூட விலக்கு இல்லாம. 1993லதான் அத எடுத்தாங்க. அதே வருஷம் என்ஐஎச் நிதில நடக்குற மருத்துவச் சோதனைல பெண்கள கட்டாயம் சேக்கணும்னு சட்டமும் வந்துச்சு.

யோசிச்சுப் பாருங்க, தாலிடோமைட் சோகம் நடந்ததே கர்ப்பத்துல அந்த மருந்து என்ன பண்ணும்னு ஒழுங்கா சோதிக்காததாலதான். சோதன பத்தாம வந்த கேட்டுக்கு, இனிமே கர்ப்பம் ஆக வாய்ப்புள்ள பெண்கள்ட்ட முதற்கட்டத்துல சோதிக்கவே வேணாம்னு முடிவு பண்ணிட்டாங்க. பெண்கள் மருந்து சாப்பிடுறத யாரும் நிறுத்தலையே, ஆண் உடம்புல பாத்த டோஸ பெண் உடம்பு சாப்பிட்டுச்சு, அவ்வளவுதான் மாறுனது.

விளைவு கணக்குலயே தெரிஞ்சது. அமெரிக்க நாடாளுமன்றத்தோட தணிக்கை அமைப்பு 2001ல சொன்னது, 1997ல இருந்து 2000 வரைக்கும் சந்தைல இருந்து திரும்ப எடுத்த 10 மருந்துல 8 பெண்களுக்குக் கூடுதல் ஆபத்து உள்ளது. அதுல நாலு பெண்களுக்கு அதிகமா எழுதிக் கொடுத்த மருந்து, அதாவது எண்ணிக்கையாலயே பாதிப்பு கூட. மத்த நாலு, ரெண்டு பேரும் சாப்பிட்டும் பெண்களுக்கு அதிகமா ஆபத்து வந்தது. உதாரணமா டெர்ஃபெனடின்ங்கிற அலர்ஜி மருந்து. இசிஜில க்யூடி இடைவெளின்னு ஒண்ணு இருக்கு, இதயம் ஒரு துடிப்புக்கு அப்புறம் மறுபடி மின்சாரம் ஏத்தி ரெடி ஆகுற நேரம்னு வச்சுக்கலாம், அது பெண்களுக்கு இயல்பாவே கொஞ்சம் நீளம், அத இன்னும் நீட்டுற மருந்து போனா துடிப்பு தடம் மாறி உயிருக்கே ஆபத்தாகலாம்.

ஆஸ்பிரின் கதையும் இப்படித்தான். அமெரிக்காவுல 22,071 ஆண் டாக்டர்கள வச்சு பண்ண ஆய்வு 1989ல முடிவு சொல்லுச்சு, ஒண்ணு விட்டு ஒரு நாள் ஆஸ்பிரின் போட்டவங்களுக்கு மொதல் ஹார்ட் அட்டாக் 44 சதவீதம் கம்மி. ஒரு பெண் கூட அதுல இல்ல. கிட்டத்தட்ட 40,000 பெண்கள வச்சு பண்ண தனி ஆய்வு 2005ல வந்தப்ப படமே வேற, மொத்தமா பாத்தா ஹார்ட் அட்டாக் கணிசமா குறையல, பக்கவாதம்தான் 17 சதவீதம் குறைஞ்சது. ரெண்டுக்கும் நடுவுல 16 வருஷம்.

## எலிக்கும் பால் உண்டு, செல்லுக்கும் உண்டு

மனுஷங்கள்ட்ட வர்றதுக்கு முன்னாடியே சாய்வு ஆரம்பிச்சிடுது. 2011ல வந்த ஒரு அலசல்ல உயிரியலோட 10 துறைல 8ல ஆண் விலங்குகளத்தான் அதிகமா பயன்படுத்துறாங்கன்னு தெரிஞ்சது, நரம்பியல்ல 5.5க்கு 1. சொன்ன காரணம், பெண் எலிக்கு ஹார்மோன் சுழற்சி இருக்கு, ரிசல்ட் ஏறி இறங்கும். 2014ல 293 ஆய்வுக் கட்டுரைகள எடுத்து கணக்குப் போட்டுப் பாத்தா பெண் எலிகளோட ரிசல்ட் ஆண் எலிகளோடத விட அதிகமா ஏறி இறங்கவே இல்ல. ஆண் எலிகள கூட்டமா ஒரே கூண்டுல போட்டா அதுங்களுக்குள்ள நடக்குற சண்டை, யார் பெரியவன்ங்கிற போட்டி, அதுவும் அளவ மாத்தும். யாரும் அளந்து பாக்காத ஒரு நம்பிக்கைய வச்சு ஒரு துறையே பாதி உயிரினத்த விட்டுட்டு நடந்திருக்கு.

அதனால என்ன நஷ்டம்னா, 2015ல வலி பத்தின ஒரு ஆய்வு வந்துச்சு. நரம்புல அடிபட்ட பெறகு வலி நீடிக்கிறதுக்கு மைக்ரோக்ளியாங்கிற செல்தான் காரணம்னு துறை பல வருஷமா நம்பிக்கிட்டு இருந்தது, பாத்தா அது ஆண் எலிலதான், பெண் எலில அந்த செல்ல தடுத்தாலும் வலி குறையல, வேற நோய் எதிர்ப்பு செல் வழியா போகுது. ஆண் எலிய மட்டும் வச்சு வலி மருந்து உருவாக்கினா அது யாருக்கு வேலை செய்யும்?

லேப்ல தட்டுல வளக்குற செல்லுக்கும் இது பொருந்தும். அது பெண்ணோட எக்ஸ்எக்ஸ் குரோமோசோம் உள்ள செல்லா, ஆணோட எக்ஸ்ஒய் உள்ளதான்னு பல கட்டுரைல குறிப்பே இருக்காது. உலகம் முழுக்க லேப்ல ஓடுற ஹீலா செல், 1951ல ஒரு பெண்ணோட கர்ப்பப்பைவாய் புற்றுநோய்ல இருந்து எடுத்தது.

## கார்ல உக்கார வச்ச பொம்மை

கார் மோதல் சோதனைல பயன்படுத்துற ஹைப்ரிட் 3 பொம்மை 1970கள்ல வந்தது, சராசரி அமெரிக்க ஆண், கிட்டத்தட்ட 175 சென்டிமீட்டர், 78 கிலோ. பெண் பொம்மைன்னு ஒண்ணு பிற்பாடு வந்தது, 50 கிலோவுக்குக் கொஞ்சம் கம்மி, ஐந்தடிதான், அதாவது அந்த ஊர்லயே ரொம்ப சின்ன உருவப் பெண். அதுவும் பெரும்பாலும் ஆண் பொம்மைய சுருக்கினது. ஆனா பெண்ணோட இடுப்பெலும்பு, கழுத்துத் தசை, உக்கார்ற தூரம் எதுவும் ஆணோடத சுருக்கினா வர்றது இல்ல.

அமெரிக்க விபத்து டேட்டாவ வச்சு 2011ல வந்த ஆய்வு, சீட் பெல்ட் போட்ட பெண் ஓட்டுநருக்கு அதே மாதிரி விபத்துல பலத்த காயம் வர்ற வாய்ப்பு 47 சதவீதம் அதிகம்னு சொல்லுச்சு. 2019 ஆய்வு நேருக்கு நேர் மோதல்ல 73 சதவீதம்னு சொல்லுச்சு. இந்த ரெண்டு நம்பரும் இணையத்துல சுத்திக்கிட்டே இருக்கும், ஆனா 2021ல அங்க ஒரு காப்பீட்டு ஆய்வு நிறுவனம் இன்னும் நெருக்கமா பாத்துச்சு, ஒரே மாதிரி கார், ஒரே மாதிரி மோதல்னு ஒப்பிட்டா வித்தியாசம் நிறைய குறையுது. பெண்கள் சின்ன, லேசான கார் அதிகம் ஓட்டுறாங்க, இடிக்கிற கார விட இடிபடுற கார்ல அதிகம் இருக்காங்க. அப்படிப் பாத்தும் கால் காயம் பெண்களுக்கு அதிகமாத்தான் இருந்துச்சு. பால், பாலினம் ரெண்டையும் பிரிக்கணும்னு சொன்னது இதுக்குத்தான். கால் எலும்பு உடம்போட விஷயம், வீட்டுல யாருக்கு சின்ன கார்ங்கிறது சமூக விஷயம். ஒண்ணுக்கு சீட்டும் டேஷ்போர்டும் மாத்தணும், இன்னொண்ணுக்கு சின்ன கார்கள பலமாக்கணும்.

பின்னாடி இருந்து இடிக்கும்போது கழுத்து வெட்டி இழுக்குற காயம் பெண்களுக்கு அதிகம்னு ரொம்ப நாளாவே தெரியும். ஸ்வீடன்ல ஆஸ்ட்ரிட் லிண்டர் குழு 2022ல சராசரிப் பெண் உருவத்துல, 162 சென்டிமீட்டர், 62 கிலோ, ஒரு சீட் சோதனைப் பொம்மைய வெளியிட்டாங்க. ஆண் பொம்மைக்கும் இதுக்கும் நடுவுல கிட்டத்தட்ட அரை நூற்றாண்டு.

## வயல்ல கோனோ வீடர் இறங்குனப்ப

எனக்கு இந்த விஷயத்துல ரொம்ப நெருக்கமான உதாரணம் நம்ம நெல் வயல்தான். 2000களோட ஆரம்பத்துல தமிழ்நாட்டுல திருந்திய நெல் சாகுபடிய வேளாண் பல்கலைக்கழகமும் அரசும் பரப்ப ஆரம்பிச்சாங்க. இளநாத்து, குத்துக்கு ஒரு நாத்து, சதுர நடவு, காய்ச்சலும் பாய்ச்சலுமா தண்ணி. தண்ணி எப்பவும் தேங்கி நிக்காததால களை அதிகம் வரும், அதுக்குத்தான் கோனோ வீடர். முன்னாடி ஒரு மிதவை, பின்னாடி பல்லு வச்ச ரெண்டு கூம்பு உருளை, நீளக் கைப்பிடி, பத்து நாளைக்கு ஒருதரம் வரிசைக்கு நடுவுல முன்னயும் பின்னயும் தள்ளினா களை சேத்துக்குள்ள அமுங்கி எருவாகிடும், மண்ணும் கிளறும். தொழில்நுட்பமா பாத்தா அருமையான கருவி.

ஆனா களை எடுக்குறது இங்க காலங்காலமா பொம்பளைங்க வேலை. நடவும் களையும் அவங்களோடது, உழவும் வரப்பு வெட்டுறதும் ஆம்பளைங்களோடது. கருவியோட எடை, கைப்பிடி உயரம், சேத்துல தள்ளத் தேவைப்படுற விசை, இதெல்லாம் யாரோட தோளுக்கும் கைக்கும் சரியா வரும்னு பாத்தா பெண்களுக்குக் கஷ்டமா இருந்துச்சு. களிமண் வயல்ல தள்ளவே முடியலன்னு நிறைய பேர் சொன்னாங்க. அதனால பல ஊர்ல என்ன நடந்துச்சுன்னா, கை களை பொம்பளைங்க வேலையா இருந்தது, வீடர் களை ஆம்பளைங்க வேலையா மாறிடுச்சு.

இதுல நல்லதும் கெட்டதும் கலந்துதான் இருக்கு, ஒரு பக்கத்த மட்டும் சொன்னா அது பொய். நாள் முழுக்க இடுப்ப வளைச்சு சேத்துல நிக்கிற வேலைல இருந்து விடுதலை கிடைச்சது, இடுப்பு வலிய அனுபவிச்சவங்களுக்குத்தான் அதோட அருமை தெரியும். இன்னொரு பக்கம் நிலமில்லாத குடும்பத்துப் பெண்ணுக்கு களை சீசன்னா கைல வர்ற காசு, அந்தக் கூலி நாள் போச்சு. ஆம்பளைக்குக் கூலி ஜாஸ்தி, அதனால விவசாயிக்கும் கணக்கு மாறுச்சு, ஆள் கிடைக்கலன்னு வீடர் மூலைல சாஞ்சு கெடந்த ஊர்களும் உண்டு. அதாவது கருவி யார் கைக்குப் போகும்னு ஆரம்பத்துலயே கேட்டிருந்தா பெண்களுக்கு அநியாயம் குறைஞ்சிருக்கும்ங்கிறதோட, கருவியே இன்னும் பரவலா போய்ச் சேந்திருக்கும்.

இதுக்கு விடை இல்லாம இல்ல. போபால்ல இருக்கிற மத்திய வேளாண் பொறியியல் நிறுவனம் விவசாய வேலை செய்யுற ஆண், பெண் ரெண்டு பேரோட உடல் அளவையும் பலத்தையும் நாடு முழுக்க அளந்து தொகுத்திருக்கு, கோயம்புத்தூர் வேளாண் பல்கலைலயும் அந்த வேலைக்கு ஒரு மையம் இருக்கு. புவனேஸ்வர்ல பெண் விவசாயிகளுக்குன்னே ஒரு மத்திய ஆராய்ச்சி நிறுவனம் இருக்கு. கைப்பிடி உயரம் எவ்வளவு, பிடி எவ்வளவு தடிமன், ஒரு பெண்ணால நாள் முழுக்க எவ்வளவு விசைல தள்ள முடியும், எல்லாத்துக்கும் நம்பர் இருக்கு. கருவி வரையுற மேசைக்கு அந்த நம்பர் வந்து சேரணும்.

அடுப்புக் கதையும் இதுக்குப் பக்கத்து வீடுதான். 1983-84ல மத்திய அரசு புகையில்லா அடுப்புத் திட்டம் கொண்டு வந்தது, கோடிக்கணக்குல அடுப்பு போனது. ஒடிசாவுல சுமார் 2,600 குடும்பங்கள நாலு வருஷம் தொடர்ந்த ஒரு ஆய்வுல, மேம்பட்ட மண்ணடுப்பு மொத வருஷம் புகைய கொஞ்சம் குறைச்சது, அப்புறம் ஒண்ணும் இல்ல, ஏன்னா தொடர்ந்து பயன்படுத்தல, பராமரிக்கல. லேப்ல நல்லா எரிஞ்ச அடுப்பு, சமைக்கிறவங்களோட பாத்திரத்துக்கும் நேரத்துக்கும் பொருந்துதா, பழுதானா செலவு பண்ண முடிவெடுக்குறது யாருன்னு பாக்காம விட்டா இப்படித்தான் ஆகும்.

## கம்ப்யூட்டர் யார பாத்து கத்துக்குச்சு

இத சுருக்கமா சொல்லிடலாம். 2018ல ஜாய் புவலம்வினி, டிம்னிட் கெப்ருன்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் முகத்த பாத்து ஆணா பெண்ணான்னு சொல்ற மூணு வணிக சாஃப்ட்வேர சோதிச்சாங்க. வெளுத்த ஆண்கள்ட்ட அதிகபட்சத் தப்பு 0.8 சதவீதம், கருத்த பெண்கள்ட்ட 34.7 சதவீதம் வரைக்கும். பெண்கள்னு மட்டும் பிரிச்சிருந்தா இந்த ஆழம் தெரிஞ்சிருக்காது, நிறத்தையும் சேத்துப் பிரிச்சதாலதான் தெரிஞ்சது. தமிழ்ல ‘அவர் டாக்டர்’னு எழுதி இங்கிலீஷுக்கு மாத்திப் பாருங்க, ‘அவர்’ல ஆண் பெண் குறிப்பே இல்ல, மெஷின் பழைய டேட்டாவ வச்சு ஆணா முடிவு பண்ணிக்கிறத அடிக்கடி பாக்கலாம்.

## ஆம்பளைங்களுக்கும் இதே நஷ்டம் உண்டு

எலும்புத் தேய்மானம்னாலே பெண்கள் வியாதின்னு மனசுல பதிஞ்சிருக்கு. 1994ல உலக சுகாதார நிறுவனம் கொடுத்த அளவுகோலே வெள்ளையினப் பெண்கள வச்சு வந்தது. ஆனா இடுப்பெலும்பு முறிவுல சுமார் மூணுல ஒண்ணு ஆண்களுக்கு வருது, முறிஞ்ச பெறகு ஒரு வருஷத்துக்குள்ள இறந்து போறது ஆண்கள்லதான் விகிதம் அதிகம். ஸ்கேன் பண்ணச் சொல்ல டாக்டருக்கும் தோணாது, கேக்க நம்ம அப்பாவுக்கும் தோணாது. பால், பாலினம் கேள்வின்னா பெண்கள் கேள்வின்னு சுருக்கிப் பாக்குறவங்க இத கவனிக்கணும்.

திருநங்கை, திருநம்பி விஷயத்துல ஃபார்ம்ல இருக்கிற ரெண்டு பெட்டியே போதாது. ரத்த டெஸ்ட் ரிப்போர்ட்டுல ஹீமோகுளோபின் நார்மல் ஆணுக்கு 13, கர்ப்பமில்லாத பெண்ணுக்கு 12ல இருந்துன்னு உலக சுகாதார நிறுவனத்தோட எல்லை. ஹார்மோன் சிகிச்சைல இருக்கிற திருநங்கைக்கு டெஸ்டோஸ்டிரோன் இறங்கினா ஹீமோகுளோபினும் பெண்கள் அளவ நோக்கி இறங்கும், ஆண்னு டிக் பண்ணா இல்லாத ரத்தசோகை இருக்கிற மாதிரி வரும். அதே ஆள் புரோஸ்டேட் சோதனைக்கு வேற பெட்டில வரணும். எந்த உறுப்பு, எந்த ஹார்மோன், எந்த அடையாளம், மூணும் தனித்தனிக் கேள்வி.

## அப்ப டிசைன்ல என்ன பண்ணணும்

1. கேள்விய எழுதும்போதே கேக்கணும்: இந்த விஷயத்துல உடம்பு வித்தியாசம் விடைய மாத்துமா, வாழ்க்கை வித்தியாசம் மாத்துமா. இல்லன்னு தோணினா ஏன் இல்லன்னு ஆதாரத்தோட எழுதணும். பேட்டரிக்குள்ள இருக்கிற வேதியியலுக்கு இல்லன்னு சொல்லலாம், அந்த பேட்டரிய கழட்டித் தூக்கி மாட்டணும்னா இருக்கு.

2. ரெண்டு பாலையும் சாம்பிள்ல சேக்கணும். ஒண்ண மட்டும் எடுத்தா தலைப்புலயே சொல்லணும், ஆண் எலிலன்னு. ஆய்வுக் கட்டுரைல பால், பாலினத்த எப்படி எழுதணும்னு 2016ல வந்த சேகர் (SAGER) வழிகாட்டுதல் ஜர்னல்கள்ட்ட இதத்தான் கேக்குது.

3. சேத்தா மட்டும் போதாது, பிரிச்சுப் பாக்கணும். மொத்த சராசரிக்குள்ள ரெண்டு எதிரெதிர் விளைவு ஒளிஞ்சுக்க முடியும். சாம்பிள் ரெண்டு மடங்கு ஆகும், செலவு தாங்காதுன்னு சொல்றது முழு உண்மை இல்ல, பாதிப் பாதியா பிரிச்சு ரெண்டு காரணியையும் ஒரே கணக்குல போட்டா முக்கிய விளைவ கண்டுபிடிக்கிற பலம் பெருசா குறையாது. பாலுக்கு பால் விளைவு எவ்வளவு மாறுதுன்னு துல்லியமா சொல்லணும்னாதான் பெரிய சாம்பிள் வேணும், அத நேர்மையா எழுதிடலாம்.

4. வித்தியாசம் இல்லன்னு வந்தாலும் அதையும் போடணும். வித்தியாசம் வந்தத மட்டும் போட்டா ஆண் மூளை, பெண் மூளைன்னு புதுசா ஒரு கட்டுக்கதை வளந்திடும், பெரும்பாலான அளவுல ரெண்டு கூட்டமும் ஒண்ணு மேல ஒண்ணு நிறையவே படிஞ்சிருக்கும். எதிர்பாத்தது வராத முடிவும் முடிவுதான். சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா பங்கெடுத்த ஹேப்பின்ங்கிற ஆய்வு, நம்ம விழுப்புரம், நாகப்பட்டினத்தையும் சேத்து நாலு நாட்டுல 3,200 கர்ப்பிணிகள வச்சு நடந்தது, விறகடுப்புக்குப் பதிலா கேஸ் கொடுத்தா குழந்தையோட பிறப்பு எடை கூடுமான்னு. புகை நிஜமாவே குறைஞ்சது, ஆனா எடைல வித்தியாசம் வரல, 2022ல அப்படியே வெளியிட்டாங்க.

5. வயசு, சாதி, வருமானம், வேலை இதோடயும் சேத்துப் பாக்கணும். நிலம் வச்சிருக்கிற பெண்ணுக்கும் கூலிக்குப் போற பெண்ணுக்கும் அதே கோனோ வீடர் வேற வேற விஷயம்.

6. பயன்படுத்தப் போறவங்கள மாதிரி வரையும்போதே கூப்பிடணும், கருவி அடிச்சு முடிச்சு மானியத்துல கொடுத்த பெறகு இல்ல.

## ஒரு வரி கேக்காம விட்டதோட விலை

2021 ஏப்ரல்ல, மே 1ல இருந்து 18 வயசுக்கு மேல எல்லாருக்கும் கொரோனா தடுப்பூசின்னு அறிவிச்ச நேரத்துல, பீரியட்ஸ்க்கு அஞ்சு நாள் முன்னாடியும் பின்னாடியும் ஊசி போடக் கூடாதுன்னு ஒரு செய்தி வாட்ஸ்அப்ல பரவுச்சு. அது பொய்யின்னு அரசாங்கத்தோட செய்தி அமைப்பான பிஐபி மறுப்பு போட்டுச்சு, மறுத்தது சரிதான், ஊசிய தள்ளிப் போட எந்தக் காரணமும் கிடையாது. ஆனா அதே சமயத்துல ஊசி போட்டப்புறம் நாள் தள்ளிப் போச்சு, ரத்தப்போக்கு ஜாஸ்தியா இருக்குன்னு உலகம் பூரா பெண்கள் சொல்ல ஆரம்பிச்சாங்க, அவங்களுக்குச் சொல்ல டாக்டர்கள்ட்ட ஒண்ணும் இல்ல, மனப்பிரமைன்னு தட்டிக் கழிச்சவங்களும் உண்டு.

2021 ஆகஸ்ட்ல என்ஐஎச் 16.7 லட்சம் டாலர் ஒதுக்கி அஞ்சு நிறுவனத்துட்ட இத ஆராயச் சொல்லுச்சு. 2022 ஜனவரில மொத முடிவு வந்துச்சு, கிட்டத்தட்ட 4,000 பேர் போன் ஆப்ல குறிச்சு வச்ச மாதக் கணக்க வச்சு பாத்தது: ஊசிக்கு அப்புறம் சுழற்சி சராசரியா ஒரு நாளுக்கும் கம்மியாத்தான் நீளுது, தொடர்ந்து பாத்ததுல அது சீக்கிரமே பழையபடி திரும்பிடுது. பயப்பட ஒண்ணுமே இல்லாத பதில். இந்த பதில் 2020ல நடந்த பெரிய சோதனைகள்லயே கிடைச்சிருக்கும், அதுல பல்லாயிரம் பெண்கள் இருந்தாங்க, ஊசி போட்டவங்கள்ட்ட பக்கவிளைவு கேட்டு குறிச்சாங்க. காய்ச்சல் வந்துதா, தலை வலிச்சுதா, உடம்பு அசதியா இருந்துதா, ஊசி குத்துன இடம் வீங்குச்சா. பீரியட்ஸ் பத்தி தனியா ஒரு வரி கேக்கல.